தண்ணீர் வண்டி

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. காரில் ஒரு ஜாடித் தண்ணீரை மாட்டிவிட்டு, அதிலிருந்து பிரியும் வாயுவிலேயே வண்டி ஓடும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"தண்ணிங்கிறதே எரிஞ்சு முடிஞ்ச சாம்பல் மாதிரி, அத்தான். அதைப் பிரிக்கவே பேட்டரியை உறிஞ்சணும். இதுல என்ன மிச்சம்?" என்றேன். எனக்குப் பேட்டரி கடையில் வேலை.

"பேட்டரிக்காரிக்கு வயித்தெரிச்சல், வேறென்ன!" என்று சிரித்தார்.

இன்று நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அவர் கடைக்குப் போயிருந்தார். வண்டியைக் காட்டுவதற்காக, கார் ஷெட்டுக்குப் போகும் உள்கதவை அக்கா திறந்தாள். ஷட்டர் இறங்கியிருந்தது. ஒரே இருட்டு. ஓடாத காருக்குள்ளிருந்து ஜாடி குபுகுபுவென்று கொப்பளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

மனிதர் சாவியைத் திருப்பினால் மட்டும் வேலை செய்யும்படி வைக்காமல், ஜாடிக்கு நேராகப் பேட்டரியிலிருந்து இணைப்புக் கொடுத்திருக்கிறார். ராத்திரி முழுக்க ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கும். அதற்கு வாசனையும் கிடையாது.

அக்காவின் விரல் லைட் சுவிட்சுக்குப் போனது.

"தொடாதே!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "எங்க கடையில பேட்டரி சார்ஜ் பண்றப்பவும் இதே வாயுதான் வரும். அந்த ரூம்ல காத்தாட விடாம எந்த சுவிட்சையும் தொட மாட்டோம். ஒரு பொறி போதும், வெடிச்சிடும்!"

அக்கா வெளிறிப்போனாள். "அப்ப ஷட்டரைத் திறந்துடலாமா?"

"அது மோட்டார்ல தூக்குறது. அதுலயும் பொறி பறக்கும்."

அதற்குள் தெருப்பக்கம் அத்தானின் குரல் கேட்டது. "உள்ள யாரு, பேட்டரிக்காரியா? இரு, ஷட்டரைத் தூக்குறேன். வெளிச்சத்துல பாரு என் வண்டியை!"

ரிமோட் எப்போதும் அவர் சட்டைப்பையில்தான் இருக்கும்.

"வேண்டாம் அத்தான்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

தலைக்கு மேலே மோட்டார் உறுமத் தொடங்கியது.