சுவரில் ஆயிக்வேய்

தெரு விழாக்காரர்கள் படம் வரையச் சுவரைக் கேட்டு வந்தபோது ஓடார்லே மீன் புகைபோடும் அடுப்புக்கு முன்னால் குனிந்திருந்தாள். கடலோர மீனவர் பகுதியான ஜேம்ஸ்டவுனில் ஆகஸ்ட் பிறந்தால் இது வழக்கம்தான். கலங்கரை விளக்கத்திலிருந்து பழைய சிறை வரைக்கும் ஒரு சுவரை விட்டுவைக்க மாட்டார்கள். கிரீடம் வைத்த ராணி, பறவைத் தலையோடு பெண், முரசு, சுறா என்று கைக்கு வந்ததை எல்லாம் வரைந்து தள்ளுவார்கள். ஓடார்லேயின் சுவர் கடற்கரைக்கு இறங்கும் வழியில் இருந்ததால் அதன்மேல் அவர்களுக்கு ஒரு கண். வருஷா வருஷம் கேட்பார்கள், அவளும் வருஷா வருஷம் முடியாது என்பாள். இந்தத் தடவை சரி என்றாள். ஆனால் அதில் தன் மகன் ஆயிக்வேயின் முகத்தைத்தான் வரைய வேண்டும் என்றாள்.

ஆயிக்வேய் பாலைவனம் தாண்டி லிபியாவுக்குப் போனவன். அங்கிருந்து படகேறி இத்தாலி போவதாகப் பேச்சு. லிபியாவில் எங்கோ ஒரு கடையிலிருந்து ஒரே ஒரு தடவை போனில் பேசினான். அதோடு சரி. மூன்று வருஷமாக அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. விழாவுக்கு எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் வருகிறார்கள், வருகிறவர்கள் படமாக எடுத்துத் தள்ளுகிறார்கள், அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் போகின்றன. அவனைப் பார்த்த யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் போதும் என்று ஓடார்லே நினைத்தாள்.

வரைய வந்தவள் சேனா என்ற இளம்பெண். கடல் தேவதை ஒன்றைத் தாளில் தயாராகக் கொண்டுவந்திருந்தாள். ஓடார்லே சொன்னதைக் கேட்டதும் அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டாள். மகனின் படம் என்று இருந்தது, மகள் டெடெயின் போனில், பந்தாட்டம் பார்க்கும் கூட்டத்தில் பாதி முகம் திரும்பிய ஒன்றுதான். மீதியை ஓடார்லேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"பல்லு எப்படி ஆன்ட்டி?" என்று கேட்டாள் சேனா.

"முன்பல்லு ஒண்ணு பாதிதான் இருக்கும். துடுப்பு பட்டு ஒடஞ்சது. அத மறைச்சிராத. சிரிக்கிற மாதிரி போடு, அப்பத்தான் வெளிய தெரியும்."

"சிரிக்காம போட்டா இன்னும் அழகா வரும்."

"அழகுக்கா போடச் சொல்றேன்? அடையாளத்துக்கும்மா."

பாதி வரைந்திருந்தபோது குவாட்டேய் வந்தார். செத்துப்போன புருஷனின் அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர். அந்த ஊரில் சுவரில் ஊர்க்காரர் ஒருவரின் முகத்தைப் பார்த்தால் அது இழவு அறிவிப்பு என்று குழந்தைக்கும் தெரியும். அவர் தடியை ஊன்றிக்கொண்டு, தெருவே கேட்கிற மாதிரி சொன்னார்:

"உசுரோட இருக்கிறவன் மூஞ்சிய எவளாவது செவுத்துல போடுவாளா? ஊரு பூரா எழவு நோட்டீஸு. உனக்கும் ஆச வந்துருச்சா?"

"எழவு நோட்டீஸ்ல எறந்த தேதி இருக்கும் பெரியவரே. இதுல போன் நம்பர் இருக்கும்" என்றாள் ஓடார்லே.

அப்படியே முகத்துக்குக் கீழே டெடெயின் நம்பரைப் பெரிதாக எழுதவைத்தாள். குவாட்டேய் காறித் துப்பிவிட்டுப் போனார்.

விழா தொடங்கியதும் தெருவில் நிற்க இடமில்லை. வெள்ளை மண் பூசிய ஆட்கள் பொய்க்காலில் கூரை உயரத்துக்கு நடந்தார்கள். மூலைக்கு மூலை முரசு. வந்தவர்கள் எல்லோரும் ஆயிக்வேய்க்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தைக் கூட்டிவந்த வழிகாட்டி ஒருவன், இது இறந்துபோன இளைஞனுக்கு நினைவுச்சின்னம் என்று தானாக அளந்துவிட்டான். ஒரு வெளிநாட்டுக்காரி சுவரோரம் பூ வைத்தாள். ஓடார்லே அந்தப் பூவை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். மகன் சாகவில்லை என்று காட்ட அவளுக்கு மொழி இல்லை, தலையை மட்டும் ஆட்டினாள். அந்தப் பெண் கண் கலங்கி அவளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் இளநீர் வண்டிக்காரன் ஒருவன் வழியை அடைத்துக்கொண்டு நின்றான். பின்னால் வந்தவர்கள் திட்டினார்கள். அவன் நகரவில்லை, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியைச் சடாரென்று திருப்பிக்கொண்டு இறக்கத்தில் போனான். ஓடார்லே அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். கீழே முரசு அடிக்கிற இடத்தில்தான் அவன் சட்டையைப் பிடிக்க முடிந்தது.

யாரையும் தெரியாது என்றான் அவன்.

"தெரியாதவன் எதுக்குடா ஓடுற?"

அவன் எதையோ சொன்னான். முரசு சத்தத்தில் காதில் விழவில்லை. என்ன என்று கேட்டாள். மறுபடி சொன்னான், அதுவும் விழவில்லை. கடைசியில் அவன் குனிந்து அவள் காதில் கத்த வேண்டியிருந்தது.

"செத்துட்டாம்மா. அவன் செத்துட்டான்."

கரையில் இழுத்துப் போட்டிருந்த படகுகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் மீதியைச் சொன்னான். அவன் பெயர் பஷீரு, வடக்கே தமாலேக்காரன். லிபியாவில் இருவரையும் ஒரே கொட்டடியில் அடைத்துவைத்திருந்தார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப்பெயர்தான். இவன் தமாலே, அவன் ஜேம்ஸ்டவுன். மழைக்காலத்தில் அவனுக்கு இருமல் வந்தது, பிறகு ரத்தம் வந்தது. காவல்காரர்கள் கதவைத் திறக்கவில்லை. ஒருநாள் விடிந்தபோது எழுந்திருக்கவில்லை. இவனும் இன்னும் சிலரும்தான் தூக்கிப்போய்க் கொட்டடிக்குப் பின்னால் மணலில் புதைத்தார்கள். அங்கே அப்படி நிறையப் பேர் கிடக்கிறார்கள், அடையாளம் எதுவும் இல்லை.

"கடைசியா என்னப்பா சொன்னான்?"

பஷீரு யோசித்தான். "ஒண்ணும் சொல்லலம்மா. இருமிக்கிட்டே இருந்தான்."

உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான் என்று அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால் மற்றதெல்லாம் நிஜம் என்று அவளுக்குப் புரிந்துபோனது.

வீட்டுக்குத் திரும்பினால் டெடெய் வாசலிலேயே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஸ்பெயினிலிருந்து ஒருவன் கூப்பிட்டானாம். ஆரஞ்சுத் தோட்டத்தில் இந்தப் பல்லோடு, இதே சிரிப்போடு ஒருத்தனைப் பார்த்தானாம். மகள் இப்படிச் சிரித்து ஓடார்லே பார்த்து ரொம்பக் காலம் ஆகியிருந்தது. ஓடார்லே போய்க் கருகிப்போன மீன்களை அள்ளிக் கொட்டினாள்.

விழா முடிந்து தெரு காலியான பிறகு குவாட்டேயிடம் போய்ச் சொன்னாள். அவர் குத்திக் காட்டுவார் என்று நினைத்தாள். அவரோ தடியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த எளநிக்காரன நம்பலாமா?"

"நம்பலாம்."

"பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"எனக்கு வாய் வரல. நீங்க சொல்லுங்க."

அவர் சொன்னதை டெடெய் நம்பவில்லை. "எளநி விக்கிறவன் ஒருத்தன் சொன்னான்னு எங்கண்ணன நீங்களே கொல்றீங்க" என்று கத்தினாள். பஷீருவை நேரிலேயே கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஸ்பெயின்காரன் அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை. அதையும் அவள், அங்கே வேலை அதிகமாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டாள்.

உடல் இல்லை, பெட்டியும் இல்லை. இருந்தாலும் குடும்பம் ஒரு சனிக்கிழமை துக்கத்துக்குச் சிவப்பும் கறுப்பும் கட்டி உட்கார்ந்து அவனை வழியனுப்பியது. டெடெய் வரவில்லை. கோபத்தில் சிநேகிதி வீட்டில் இருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை அவள் முடி பின்னுகிற கடையின் முதலாளியம்மா வந்து, வேலைக்கு வரவில்லையே என்று விசாரித்தாள். திரும்பிப் போவதற்கு முன்னால், பாலைவனத்துக்கு வாசலான அகடேஸுக்கு எந்த பஸ் போகும் என்று டெடெய் யாரையோ போனில் கேட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னாள்.

டெடெயின் போன் அணைந்து கிடந்தது. பஸ் நிலையத்தில் போய்க் கேட்டார்கள். வடக்கே போகிற வண்டி சனிக்கிழமை காலையிலேயே போய்விட்டது. அப்படி ஒரு பெண் ஏறினதாகச் சீட்டுக் கொடுப்பவன் சொன்னான். ஸ்பெயினுக்குப் போகிறேன், அண்ணன் இருக்கிறான் என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

அந்த வழி தெரிந்தவன் பஷீரு ஒருவன்தான். ஓடார்லே தேடிப்போனபோது அவன் இளநீரைச் சீவிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அரிவாள் நின்றது.

"இந்நேரம் எங்க இருப்பா? சொல்லு" என்றாள்.

"தமாலே தாண்டியிருப்பாம்மா. வாகடூகுல வண்டி மாறியிருப்பா. அப்புறம் நியாமே. அப்புறம் அகடேஸ். அங்கதான் லாரியில ஏத்துவாங்க. அங்கேருந்து..."

"போதும்ப்பா" என்றாள் ஓடார்லே. "அதுக்கு மேல சொல்லாத."

அவன் தன் முக்காலியை நகர்த்திப் போட்டான். அவள் அதில் உட்கார்ந்தாள். போவதற்கு அவளுக்கு வேறு இடம் தோன்றவில்லை.