சொந்தச் செடி

1

இந்தக் கதை ஒரு வார்த்தையைத் தப்பாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. தப்பு காளியம்மாளுடையது, லாபம் எனக்கு. முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

'ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்தது. பன்னிரண்டாவது உறையைக் காணோம். தரையெல்லாம் ரத்...'

(அடித்துவிட்டேன். துப்பறியும் தொடர்களில் வாராவாரம் பிணம் விழவைத்துப் பழகிய கை. பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

ப்ரியம்வதா திருவாரூர்ப் பக்கம் பருத்தியின் மரபணுக்களை ஆராய்பவள். போன கோடையில், நெல் அறுத்த வயல்களில் போட்டிருந்த பருத்தி ஐந்து நாள் மழைத் தண்ணீரில் நின்று அழுகிப்போனது. தண்ணீரைத் தாங்கும் குணம் பருத்தியின் உறவுச் செடிகளில் எங்காவது ஒளிந்திருக்குமா என்று தேடத் தொடங்கினாள். பூவரசு, துத்தி, செம்பருத்தி எல்லாமே பங்காளிகள்தான். பதினோரு உறைகளில் இலை சேர்த்துவிட்டு, வயல் வேலைக்கு வரும் காளியம்மாளிடம் சொன்னாள்.

"பருத்தியோட சொந்தச் செடி ஏதாவது கண்ணுல பட்டா நாலு இலை கொண்டாங்கக்கா."

மறுநாள் வந்தது பருத்தி இலையே.

"சொந்தச் செடின்னுதானே கேட்டீங்க? வயல்ல நிக்கிறது குத்தகைக்காரர் செடி. இது என் கொல்லையில நிக்கிது மேடம்."

[இங்கே ப்ரியம்வதா கோபப்பட்டதாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சிரித்தபடி பன்னிரண்டாவது உறையில் போட்டுக்கொண்டாள்.]

3

மரபணுச் சோதனையின் முடிவு வந்த அன்று அவள் சிரிக்கவில்லை. பன்னிரண்டாவது உறை, கடையில் விற்கும் எந்த ரகத்தோடும் சேரவில்லை. இதுவரை யாரும் பதிந்து வைக்காத பழைய நாட்டுப் பருத்தி. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு கொல்லைக்கு வந்தால், பாத்திரம் கழுவும் தண்ணீர் வருஷம் பூராவும் தேங்கும் பள்ளத்தில் செடி ஜம்மென்று நிற்கிறது. காய்கள் இன்னும் பச்சை. விதை முற்ற இருபது நாள் வேண்டும். பிடுங்கி நட்டால் பிழைக்காது.

ஓரடி தள்ளிக் கொத்தனார் புகழேந்தி, அரசுத் திட்டத்தில் காளியம்மாளுக்குக் கிடைத்த புது வீட்டுக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தார். அஸ்திவாரத்துக்குத் தோண்டும் கடைக்கால் நேராகச் செடியின் தலைமேல்.

4

முடிவு ஒன்று: செடி போகிறது, ப்ரியம்வதா அழு... (வேண்டாம்.)

முடிவு இரண்டு: ஆய்வகமே வீடு கட்டிக் கொடுக்கிறது. (எந்த ஊரில்?)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். ப்ரியம்வதா சொன்னதைக் கேட்டுவிட்டுக் காளியம்மாள் செடியருகே குந்தினாள்.

"எம் பொண்ணு பிறந்தப்ப தொப்புளுக்கு வச்சது இந்தப் பஞ்சுதான். எச்சித் தண்ணிய ஊத்தி ஊத்தியே வளர்த்தேன். ஒருநாள் கோவிச்சுக்கல. கொத்தனாரே, அடுப்படிய ரெண்டு முழம் உள்ள தள்ளிப் பிடிங்க."

"தள்ளலாம்க்கா. திட்டத்துல சொன்ன அளவு குறைஞ்சா வீட்டுப் பணத்துக்கு ஆபீசர் கையெழுத்து விழாது. இந்த மாசத்தோட கெடு."

"தெரியும். பிடிங்க."

புகழேந்தி ஒரு முனையை முளையில் கட்டிவிட்டார். பருத்தி நூல், காற்றில் லேசாக ஆடுகிறது. மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடி நிமிர்ந்து பார்க்கிறார்.

இவ்வளவு தூரம் கூடவே வந்தீர்கள், நன்றி. கொஞ்சம் கையை நீட்டுங்கள்.