ஆன்ட்டி மாத்திரை

புராஸ்டேட்டில் தொடங்கிய புற்றுநோய் எலும்புவரை போய்விட்டது என்று கேட்டபோதுகூட பஸ் டிரைவர் அசரவில்லை. "சரி, வைத்தியம் பாப்போம்" என்று மீசையை நீவிக்கொண்டார். டெப்போவில் அவருக்குப் பெயரே மீசைதான். அப்பேர்ப்பட்ட ஆளைக் கவிழ்த்தது டாக்டரம்மா சொன்ன ஒரே ஒரு வார்த்தை.

"முதல்ல இந்த மாத்திரையில ஆரம்பிப்போம். ஆன்ட்டி-ஆண்ட்ரோஜன். ஆண் ஹார்மோனை வேலை செய்ய விடாது."

ஆன்ட்டி! மனிதர் அதற்குமேல் ஒன்றும் காதில் வாங்கவில்லை. எதிர்வீட்டு ஆன்ட்டி, மாடிவீட்டு ஆன்ட்டி எல்லாரும் வரிசையாகக் கண்முன் வந்து போனார்கள். விவரம் கேட்டுத் தொலைக்கலாமே என்றால், வெட்கம் பிடுங்கித் தின்றது.

அன்றிலிருந்து மனைவி காலையில் மாத்திரையைக் கையில் வைத்துக் காவல் நிற்பாள். இவர் தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பார். மாத்திரை கன்னத்து ஓரத்தில் ஒதுங்கியிருந்து, குளியலறையில் போய்க் கழிவுநீரோடு சேரும். அவளும் பாவம், நம்பினாள்.

அடுத்த மாதம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். "புற்றுநோயைக் காட்டுற அளவு குறையாம ஏறியிருக்கே. மருந்துக்கு மசியலை போல. வேற வழி யோசிக்கணும்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"மருந்து மேல தப்பில்லை டாக்டர். நான்தான் முழுங்கலை. ஆன்ட்டி ஆயிடுவேன்னு…"

டாக்டரம்மா சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார். "ஆன்ட்டின்னா எதிர்ப்புன்னு அர்த்தம் சார். உடம்பு திடீர்னு சூடாகும், மார்பு கொஞ்சம் வீங்கலாம், ஆசை குறையும். அவ்வளவுதான்."

"அப்போ நான் பயந்ததுல பாதி சரிதானே?"

"மீசை எங்கேயும் போகாது."

வெளியே வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் திட்டுவாள் என்று டிரைவர் தயாராகத்தான் இருந்தார். அவளோ பரிசோதனைச் சீட்டை நிதானமாக மடித்துப் பையில் வைத்தாள். அது அவருக்குத் திட்டைவிடப் பயமாக இருந்தது.

"உங்களை ஆம்பளையா இருங்கன்னு நான் எப்பவாவது கேட்டேனா?" என்றாள் கடைசியில். "எனக்கு ஆள் இருந்தாப் போதும்ங்க."

டிரைவர் அவள் பக்கம் உள்ளங்கையை நீட்டினார். அவள் பையைத் திறந்து மாத்திரை அட்டையைத் தேடினாள்.