இல்லை என்றால் சைபர்

செத்துப்போச்சா என்று கேட்க ஜெயலட்சுமிக்கு நாக்கு எழாது. எழுபத்தொன்பதில் அரியலூர் சுகாதார ஆபீஸில் கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் கொடுத்த பாரத்தில் ஏழாவது கேள்வியே அதுதான்: ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் எத்தனை? பிள்ளையை மடியில் வைத்திருப்பவளிடம் அந்தப் பேச்சை எப்படி எடுப்பது? இருக்கிற பிள்ளைகளை எழுதிக்கொண்டு, பதமாக, "வேற புள்ளைங்க?" என்று கேட்டாள். "இல்லீங்க" என்றார்கள். சைபர் போட்டாள். செந்துறையில் பஸ் இறங்கி மூன்று மைல் நடந்தால் வருகிற அந்த ஊரில், முப்பத்தொரு வீட்டுக்கும் வரிசையாகச் சைபர். இங்கே சாவே இல்லை என்று சந்தோஷம் வேறு பட்டுக்கொண்டாள். படித்தவள் புத்தி.

பிரசவம் பார்க்க நர்சம்மாவை எந்த ஊரில் போடுவது என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். சாவு அதிகமுள்ள ஊருக்கு முதலில்.

ஒரு பாரத்தில் புருஷன் வயது விட்டுப்போயிருந்தது. அதற்காக மறுபடி போனாள். செங்கமலத்தின் வீடு. ஏழு மாத வயிற்றோடு வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தவள், புருஷன் பாவாடைக்கு முப்பத்திரண்டு வயசு இருக்கும் என்று சொல்லிவிட்டு, மண்ணைத் தின்றுகொண்டிருந்த மகளை "ஏ தவுடு" என்று அதட்டினாள்.

ஜெயலட்சுமிக்குச் சுரீர் என்றது. பிறந்ததெல்லாம் தங்காமல் போனால், அடுத்ததை அடுத்த வீட்டில் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்கி அந்தப் பேரையே வைப்பது அவள் ஊரிலும் உண்டு.

இதற்கு முன் பிறந்ததெல்லாம் எங்கே என்று கேட்டாள்.

"மூணும் இல்லீங்க. அன்னிக்கே சொன்னேனே," என்றாள் செங்கமலம்.

சொல்லித்தான் இருந்தாள். இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஜெயலட்சுமிக்குத் தெரியாதா? யார் விசாரித்தாலும் அப்பா இல்லை என்றுதானே அவளும் சொல்வாள்? அன்றைக்கே எல்லா வீடும் ஏறி இறங்கினாள். பத்தொன்பது பிள்ளைகள். பாதிக்குப் பேர்கூட வைக்கவில்லை.

ஆபீஸில் மேலாளர் பாலசுந்தரம் கெட்ட மனுஷர் இல்லை. பட்டியல் திருச்சிக்குப் போய் முடிவாகிவிட்டது என்றாலும், இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தார். திருத்தம் ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது.

"காலியா விட்டிருந்தீங்கன்னா, தெரியலன்னு அக்கம்பக்கத்து ஊரு கணக்க வச்சு ஒரு சராசரியாச்சும் போட்டிருப்பாங்கம்மா. நீங்க சைபர் போட்டுட்டீங்க. சைபர்னா, தெரியும்னு அர்த்தம்."

நர்சம்மாவை வேறு ஊரில் போட்டார்கள். செங்கமலத்தின் வயிறு ஜெயலட்சுமியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. மூன்று மாதம் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டு, மனசு கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு போனாள்.

வாசலில் பாவாடை தவுடுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தான். மழித்த தலையில் இப்போதுதான் முடி குத்திட்டு நின்றது. செங்கமலம் எங்கே என்று கேட்டாள்.

"இல்லீங்க," என்றான். தவுடுக்கு இன்னொரு வாய் ஊட்டிவிட்டு, "அதுவும் இல்ல, புள்ளையும் இல்ல."

சட்டைப் பொட்டலத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. பதமாகப் பேசி ஆனதெல்லாம் போதும் என்று தோன்றியது.

"எப்ப செத்தாங்க?" என்று கேட்டாள்.

பாவாடை நிமிர்ந்து பார்த்தான்.

"ஆடி கடைசியிலங்க. ரெண்டு நாளு வலியில கெடந்துச்சு. பாக்கத்தான் ஆளு இல்ல."