குரோம் பட்டைக்குப் பின்னால்

பெயின்டர் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "கதவுல இருக்கிற குரோம் பட்டை, பின்னாடி எழுத்து எல்லாத்தையும் நீங்களே கழட்டி வைங்க மேடம். பழைய வண்டி. என் கையில ஒடஞ்சா என் தலையில கட்டுவீங்க. நாளைக்கு மத்தியானம் வந்து பட்டை இருந்த இடத்தை அமுக்கிப் பார்ப்பேன். கட்டைவிரல் உள்ளே போச்சுன்னா வண்டியை எடுக்க மாட்டேன். துருவுக்குப் பெயின்ட் அடிக்கிற ஆள் நான் இல்லை."

இதைக் கேட்டதும் என் கணவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி. இந்த வண்டி போய், கியரே போடத் தேவையில்லாத புது வண்டி வர வேண்டும் அவருக்கு. "பட்டைக்குப் பின்னாடி ஓட்டை இருந்தா பழைய இரும்புக்குப் போட்டுடலாம். இல்லேன்னா பெயின்ட் அடிக்கலாம். சரியா?" என்றார். நானும் வீம்புக்குச் சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் கவலை வந்தது.

என் கவலை பெயின்டைப் பற்றியது இல்லை. நாற்பதைத் தாண்டித்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெரிய கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். கடைசியில் மாமனாருடைய இந்தக் கிழட்டு நீல வண்டிதான் என் கை காலுக்குப் பணிந்தது. இதன் கிளட்ச் என் கணவருக்குப் பிடிக்காது. அதனால் நான் மட்டும்தான் ஓட்டுவேன். புது வண்டி வந்தால் சாவி யார் சட்டைப்பையில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மறுபடியும் "ஏங்க, கொஞ்சம் கொண்டுபோய் விடுறீங்களா" என்று வாசலில் நிற்க வேண்டும். நினைத்தாலே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தோம். பின்பக்கத்து எழுத்துகளை நான் எடுத்துக்கொண்டேன். ஹேர் டிரையரால் சூடு காட்டி, பசை இளகியதும் தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு இப்படியும் அப்படியுமாக இழுத்தால் எழுத்து அலுங்காமல் கையில் வந்தது. அவரோ ஸ்க்ரூடிரைவரோடு கதவுப் பட்டையிடம் போனார்.

"அதை முதல்ல கீழ வைங்க. பட்டை ஒரு தடவை வளைஞ்சா வளைஞ்சதுதான். இதுக்கு மாத்து எங்கேயும் கிடைக்காது."

"வளைஞ்சா என்ன? எப்படியும் இரும்புக் கடைதானே."

"வாயைக் கழுவுங்க."

இந்தக் கூத்து நடக்கும்போது மாமனார் உள்ளே ஜன்னலோரம் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். மாமாவுக்குப் பிடித்தவை இரண்டுதான். ஒன்று தூக்கம், இன்னொன்று கிரீஸ். எங்கள் வீட்டில் எந்தக் கதவும் கிறீச்சிடாது. எந்தத் துணியும் கறையில்லாமல் இருக்காது. குடைக்கம்பிக்குக்கூட கிரீஸ் தடவுகிற மனுஷர். ஒரு மழை நாளில் வெள்ளை உடுப்போடு நான் அந்தக் குடையை விரித்த கதையை விடுங்கள், இப்போது சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

கதவுப் பட்டையையும் நானே எடுத்துக்கொண்டேன். ஓரம் முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, துணி சுற்றிய மர ஆப்பைக் கிளிப்புக்குப் பக்கத்தில் கொடுத்து மெல்ல நெம்பினேன். 'டக்'கென்று முதல் கிளிப் விட்டது. பிறகு அடுத்தது. அவசரப்படாமல் போனதில் பட்டை முழுசாக, ஒரு நெளிசல் இல்லாமல் கழன்று வந்தது. பெருமையோடு கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

இந்த முனையிலிருந்து அந்த முனைவரை செம்பழுப்பாக, கட்டிகட்டியாகப் படை பிடித்தாற்போல் இருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "நான்தான் சொன்னேன்ல" என்று அவர் ஆரம்பிப்பார், ஒரு சண்டையாவது போடலாம் என்று காத்திருந்தேன். அவரோ ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"விடு. புது வண்டியையும் நீயே ஓட்டு. நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

"சொல்ல மாட்டீங்க. பக்கத்துல உக்காந்து இல்லாத பிரேக்கை மிதிப்பீங்க. கொஞ்ச நாள்ல நானே வெறுத்துப்போய்ச் சாவியைக் குடுத்துடுவேன்."

அது அவருடைய பழக்கம் என்று அவருக்கே தெரியும்.

பெயின்டர் சொன்னபடி வந்துவிட்டார். கேட்டிலிருந்தே கதவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கிட்டே வந்து குந்தி, பழுப்பின் நடுவில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். நான் வேறு பக்கம் பார்க்க நினைத்தேன், முடியவில்லை.

விரல் உள்ளே போகவில்லை. சர்ரென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. மனுஷர் நெற்றியைக் கதவில் இடித்துக்கொண்டார். நெற்றியைத் தடவியபடி விரலை முகர்ந்தார். பிறகு துணியை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தார். அடியில் நீலப் பெயின்ட் அப்படியே பளபளவென்று இருந்தது. விரல் முட்டியால் தட்டினார். டங். கொஞ்சம் தள்ளித் தட்டினார். அங்கேயும் டங்.

"யாரு சார் இங்க கிரீஸை இந்த அப்பு அப்பி வச்சது?"

நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தோம்.

மாமாவை எழுப்பிக் கூட்டிவந்தேன். "துரு பிடிக்கக் கூடாதுன்னா மாமா தடவுனீங்க?" என்று பாசமாகக் கேட்டேன்.

"எந்தத் துரு?" என்று மாமா விழித்தார். "இந்தப் பட்டை கடகடன்னு ஆடிக்கிட்டே கிடந்துச்சும்மா. பின்சீட்டுல மனுஷன் கண்ணசர முடியல. எல்லாக் கதவுலயும் கழட்டி நெறையத் தடவி மாட்டிட்டேன். சத்தம் நின்னுச்சு." ஒரு கொட்டாவி விட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார். குடை விஷயத்தை அந்த நிமிடமே மன்னித்தேன்.

"ஒரு பொட்டு கிரீஸ் இருந்தாலும் பெயின்ட் நிக்காது. மத்த பட்டையையும் கழட்டி, தின்னர் போட்டுச் சுத்தமாத் துடைச்சுக் கொண்டாங்க" என்று பெயின்டர் கிளம்பினார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். கழற்றிய இடத்தையெல்லாம் என் கணவர் துடைத்தார். முணுமுணுத்துக்கொண்டேதான் துடைத்தார், ஆனால் துடைத்தார்.

சாயங்காலம் பெயின்டர் கடைக்கு வண்டியை நான்தான் ஓட்டிப் போனேன். பட்டை, எழுத்து எதுவுமில்லாமல் மொட்டை அடித்ததுபோல் இருந்தது வண்டி. காற்றாட வருகிறேன் என்று மாமாவும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். தெருமுனை வருவதற்குள் குறட்டை கேட்டது. திருப்பத்தில் பிரேக்கை மிதித்தபோது பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கைக்குக் கீழே பார்த்தேன். அங்கே கால்களையே காணோம். என் கணவர் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"கீழ வச்சா மிதிச்சுடுவேன். நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."