எரோலின் காதும் முதல் நடனமும்

எரோல் பின்னக் எப்போதும் வேனை ஓட்டுவதற்கு ஒரு காரணம் இருந்தது. ஓட்டுகிறவனிடம் யாரும் பதிலை எதிர்பார்க்க மாட்டார்கள். பின்னால் ஆறு பேர் கத்திப் பேசிச் சிரித்துச் சண்டை போட்டுக்கொண்டு வந்தாலும், சாலையைப் பார்த்தபடி தலையை ஆட்டினால் போதும். நான்கு வருடமாக லீட்ஸிலிருந்து எந்த ஊர்க் கல்யாணத்துக்கு வாசிக்கக் கிளம்பினாலும் சாவியை முதலில் எடுப்பவர் அவர்தான். பொறுப்பான மனுஷன் என்று பேண்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

முப்பத்தைந்து வருடம் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவரின் காது வேறு எப்படி இருக்கும்? முதலில் சிம்பல் தட்டின் சலசலப்பு போனது. பிறகு பேச்சில் பாதி எழுத்து காணாமல் போனது. மேடையில் காதுக்குள் இயர்போனை அடைத்து, பாடகியின் குரலும் பேஸ் கிட்டாரும் அதில் வரும்படி வைத்து, சத்தத்தை முடிந்த மட்டும் ஏற்றிக்கொண்டு காலத்தை ஓட்டினார். நிறைய டிரம்மர்கள் அப்படி வாசிப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் தன் கை எவ்வளவு ஓங்கி விழுகிறது என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. வினை அங்கேதான் வந்தது.

இப்போதெல்லாம் பழைய பண்ணைக் கொட்டகைக்கு வெள்ளையடித்துக் கல்யாண மண்டபம் என்கிறார்கள். அக்கம்பக்கத்தார் புகார் செய்துவிடக் கூடாதே என்று சுவரில் லிமிட்டர் என்ற ஒரு பெட்டி. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்குகள். சத்தம் எல்லை மீறி, சிவப்பு ஐந்து விநாடி எரிந்துவிட்டால் மேடைக்கு வரும் மின்சாரத்தைப் பெட்டி வெட்டிவிடும். மே மாதத்தில் மட்டும் இரண்டு மண்டபங்களில் எரோலின் அடி தாங்காமல் அது வெட்டியிருந்தது. ஒரு தடவை, பாடகி பெர்னி உச்சத்தில் பாடிக்கொண்டிருந்த வரியின் நடுவிலேயே வெட்டியது.

அந்த ஜூன் சனிக்கிழமை ஸ்கிப்டனைத் தாண்டி ஒரு மண்டபம். சாமான்களை இறக்கும்போது கிரஹாம் அவரை வேனுக்குப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பேஸ் கிட்டார் வாசிக்கிறவர், பேண்டை நடத்துகிறவரும் அவரே.

“எரோல், சுத்தி வளைச்சுப் பேச எனக்கு வராது. இன்னிக்கும் கரண்ட் போச்சுன்னா அடுத்த வாரத்திலேருந்து கிரெய்க்தான். பிராட்ஃபோர்டுப் பையன், எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வெச்சிருக்கான். ஒரு குமிழைத் திருகினா சத்தம் குறைஞ்சிடும்.”

“உன் சத்தத்தைக் குறைக்கத்தான் குமிழ் இல்ல,” என்றார் எரோல்.

“சிரிக்காதடா. பத்தொன்பது வருஷப் பழக்கம்னுதான் முன்கூட்டியே சொல்றேன். அவன்கிட்ட பேசியாச்சு.”

கிரஹாமின் உதட்டைப் பார்த்தபடி நின்றதால் ஒரு சொல்கூடத் தப்பவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் வேறு எந்த பேண்ட் சேர்த்துக்கொள்ளும்? சனிக்கிழமையன்று வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்? அவர் மனைவி மார்வா சனிக்கிழமை மத்தியானம் அவரை வீட்டில் பார்த்தே வருடக்கணக்காகிறது.

டிரம்ஸைப் பொருத்தும்போது பெர்னி வந்து எதிரில் நின்றாள். “என்ன, முகம் செத்துக் கிடக்கு? சாப்டியா இல்லையா?”

“சாப்ட்டேன், சாப்ட்டேன்.” சாப்பிட்டிருக்கவில்லை.

ஐந்து மணிக்கு முதல் நடனம். மணமகளும் மணமகனும் தனியாக ஆடும் பாட்டு. வாசிப்பவன் மற்ற எதில் கோட்டைவிட்டாலும் இதில் விடக் கூடாது. ஊதுகிறவர்களுக்கு இதில் வேலை இல்லையென்று டிரம்பெட்டும் சாக்ஸபோனும் ஓரமாக நின்றன. எரோல் குச்சியை வைத்துவிட்டு, மெல்ல வாசிப்பதற்கான கம்பித் தூரிகைகளை எடுத்தார். பெட்டி நேர் எதிர்ச் சுவரில் இருந்தது. பச்சை.

மணமக்கள் கைகோத்து நடுவில் வந்ததும் மாப்பிள்ளையின் ரக்பி நண்பர்கள் இருபது பேர் எழுந்து நின்று ஊளையிட்டார்கள். எரோலுக்கு அவர்களுடைய திறந்த வாய்கள் தெரிந்தன, அவ்வளவுதான். பெட்டி மஞ்சளுக்குப் போனது. அவர் கையைத் தளர்த்தினார். சிவப்பு. இன்னும் தளர்த்தினார். தூரிகை டிரம்மின் தோலை வருடிக்கொண்டுதான் இருந்தது, அதற்கு மேல் குறைக்க அவரிடம் எதுவும் இல்லை. சிவப்பு மறைந்து மறுபடியும் எரிந்தது. ஐயோ, இன்னுமா நான் ஓங்கி அடிக்கிறேன்? முதுகில் வேர்வை வழிந்தது. இனி அந்தப் பக்கமே பார்ப்பதில்லை என்று மணமகளின் வெள்ளைச் செருப்பில் கண்ணை நட்டுக்கொண்டார்.

அப்போதுதான் காதில் எல்லாம் நின்றது.

பெர்னியின் குரல் போய்விட்டது. பேஸ் போய்விட்டது. தன் தூரிகையின் உரசல்கூட இல்லை. வெயில் ஜன்னல் வழியாக முன்போலவே விழுந்துகொண்டிருந்தது, பூக்கள், மெழுகுவர்த்திகள், மனிதர்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சத்தம் மட்டும் இல்லை. ஒருநாள் ஒரேயடியாக அணைந்துவிடும் என்று நான்கு வருடமாகப் பயந்துகொண்டிருந்தாரே, அந்த நாள் இன்றுதான் என்று எரோல் முடிவு செய்துவிட்டார். மார்வாவின் குரலை இனி கேட்கவே முடியாது என்று நினைத்தார். காலையில் அவள் என்ன சொல்லி அனுப்பினாள் என்பதுகூட நினைவுக்கு வரவில்லை.

நிறுத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் நிறுத்தவில்லை. வெள்ளைச் செருப்பு நகர்ந்தால் இடது கை, நின்றால் வலது கை என்று பார்த்துப் பார்த்து வாசித்தார். ஒரு கணம் தடுமாறி நின்ற செருப்பு மறுபடியும் நகர்ந்தது. பெர்னி மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டு மேடையைவிட்டு இறங்கி, ஆடுகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் வாய் திறந்து மூடியது. அவளைச் சுற்றி நின்றவர்களின் வாய்களும் மெல்ல அசைந்தன. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். எரோலின் தாளம் பிசகவில்லை.

ஒரு நிமிடம் இருக்கும். இயர்போனில் படாரென்று ஒரு சத்தம், அதன் பின்னாலேயே கீபோர்டு, கிரஹாமின் பேஸ். எரோல் நிமிர்ந்தார். சுவரோரம் மண்டபத்து ஆள் ஒருத்தி பெட்டியின் கதவை மூடிக்கொண்டிருந்தாள். மின்சாரம்தான் போயிருந்தது, அதோடு இயர்போனும். காது போகவில்லை! போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்குவது தெரிந்தும் அவர் துடைக்கவில்லை.

இடைவேளையில் சமையலறைக்குப் பின்னால் பேண்டுக்கென்று வைத்திருந்த ஆறிப்போன சாண்ட்விச்சுகளைச் சுற்றி எல்லோரும் கூடினார்கள். கிரஹாம் ஒரு கையில் முட்டை சாண்ட்விச்சோடு நடந்ததை நடித்தே காட்டினார்.

“கரண்டை வெட்டினது நாம இல்லப்பா, அந்த ரக்பித் தடியனுங்க போட்ட கூச்சல். என் பேஸ் செத்துப்போச்சு. முதுகுப் பக்கம் நின்னு ‘நிறுத்து, நிறுத்து’ன்னு கத்தறேன், இவன் திரும்பிக்கூடப் பார்க்கல. திமிரைப் பார்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. இவன் நிறுத்தியிருந்தா அந்தப் பொண்ணு நடு மண்டபத்துல மரமா நின்னிருக்கும்.”

“நானும் அதனாலதான் இறங்கிப் போய்ப் பாடினேன். இவன் தட்டறான், நாம பாடினா என்னன்னு,” என்றாள் பெர்னி.

கிரஹாம் எரோலின் தோளைப் பிடித்து உலுக்கினார். “கிரெய்க்கா இருந்தா அவனோட டப்பாவும் கரண்டோட சேர்ந்து செத்திருக்கும். அவனை வேண்டாம்னு சொல்லிடறேன். நீ எங்கேயும் போகல.”

நான்கு வருடமாக எரோல் கேட்கத் தவித்த வார்த்தை அதுதான். ஒரு புன்னகையோடு சாண்ட்விச்சைக் கடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அந்த ஒரு நிமிடம் இன்னும் அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அதை இன்னொரு முறை தன்னந்தனியாகத் தாங்க அவரால் முடியாது.

“எனக்குக் கேக்கல,” என்றார்.

“அந்தக் கூச்சல்ல யாருக்குத்தான் கேட்டுது?” என்று கிரஹாம் சிரித்தார்.

“இல்லடா. நீ கத்தினது கேக்கல. கரண்ட் போனதே எனக்குத் தெரியாது. காதுதான் போயிடுச்சுன்னு நினைச்சேன். நாலு வருஷமா போய்க்கிட்டிருக்கு.”

சிரிப்பு ஒவ்வொரு முகமாக நின்றது. கிரஹாம் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார்.

“அப்போ மே மாசம் ரெண்டு தடவை...”

“ஆமா.”

“அதனாலதான் நீ வண்டி ஓட்டறியா?”

“ஆமா.”

“எங்க ஆறு பேரையும் வெச்சுக்கிட்டா? பின்னால ஹார்ன் அடிச்சாக் கேக்குமாடா உனக்கு?” கிரஹாமின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. பெர்னி அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். பிறகு எரோலுக்கு நேர் எதிரில் வந்து, முகத்துக்கு முகம் நின்று நிதானமாகப் பேசினார்.

“சாவியைக் கொடு. இடைவேளைக்கு அப்புறமும் நீதான் வாசிக்கிறே, இங்க வேற ஆள் இல்ல. செவ்வாய்க்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம், நானும் வரேன். அதுக்கப்புறம் என்னன்னு எனக்குத் தெரியல.”

எரோல் சாவியைக் கொடுத்தார். கிரஹாம் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தத் ‘தெரியல’ எல்லாவற்றையும்விடத் தெளிவாகக் கேட்டது.