ஒரு சாண் உயரம்

இருபது வருடமாகத் தூக்கிய இஸ்திரிப் பெட்டியின் எடை கனகாவுக்குத் தெரியாது. நாகப்பட்டினம் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது விழித்தாள். மறுநாள் காலையில் பெட்டியைத் துறைமுகத்துக்கு எடுத்துப்போய் மீன் தராசில் வைத்தாள். ஆறரை கிலோ. கரி போட்டால் ஏழு.

வலது தோளின் தசைநார் கிழியத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பாரம் தூக்கக் கூடாது. தூக்கினால் முழுக்கக் கிழியும், பிறகு தலை வாரக்கூடக் கை மேலே போகாது. வேறு வேலை பாருங்கள் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வேறு வேலை கனகாவுக்குத் தெரியாமல் இல்லை. மீன் கூடை சுமந்த குடும்பம். சுனாமி அலை வந்த மறு வருடம் ஒரு தொண்டு நிறுவனம் அவர்கள் குப்பத்தில் ஐந்து பெண்களுக்கு இஸ்திரி வண்டி கொடுத்தது. நான்கு பேர் ஆறு மாதத்தில் விற்றுவிட்டார்கள். மீன்காரி தேய்த்த சட்டையில் மீன் வாடை வரும் என்று தெருவில் யாரும் துணி கொடுக்கவில்லை. கனகா மட்டும் விற்கவில்லை. தினமும் வண்டியைக் கொண்டுபோய் அதே வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். கரி போட்டுப் பெட்டியைச் சூடாக்கித் தன் வீட்டுத் துணியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். ஏழாவது மாதம் ஒரு வாத்தியார் இரண்டு சட்டை கொண்டுவந்தார். இப்போது நர்சிங் கல்லூரி ஹாஸ்டலின் வெள்ளைக் கோட்டு முழுவதும் அவளிடம்தான் வருகிறது.

அது சித்திரை மாதம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அவள் கணவன் ராஜசேகர் வீட்டில் இருந்தான்.

"மூணு மாசம் சும்மா இரு. தடை முடிஞ்சு நான் கடலுக்குப் போனா சோறு வராமயா போயிடும்?"

"சோத்துக்கா தேய்க்கிறேன்?" என்றாள் கனகா.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் மீனா போனில் காஸ் பெட்டி வாங்கச் சொன்னாள். கனகா ஒருத்தியிடம் கேட்டு வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தாள். அதுவும் ஐந்து கிலோவுக்குக் குறையவில்லை. அதையும் தூக்கத்தான் வேண்டும்.

ஹாஸ்டல் வார்டன் விஜயலட்சுமிக்குச் செய்தி எப்படியோ போய்விட்டது. அவள் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. ஜூன் பதின்மூன்றாம் தேதி பெண்களுக்குச் செய்முறைத் தேர்வு. அதற்கு முந்தைய இரண்டு நாளில் நூற்று நாற்பது கோட்டு தேய்க்க வேண்டும். முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், மெஷின் லாண்டரிக்குக் கொடுத்துவிடலாம் என்றாள். போனால் திரும்பி வராது என்பது இருவருக்கும் தெரிந்தது.

முடியும் என்றாள் கனகா. எப்படி என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

முதலில் எத்தனை முறை தூக்குகிறோம் என்று தெரிய வேண்டும் என்றாள். ராஜசேகர் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் எண்ணுவதெல்லாம் வலைக்காரன் எண்ணுவது போலத்தான். நைலான் நூலை எடுத்துக்கொண்டு, அவள் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் ஒரு முடிச்சு போட்டான். ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு கோட்டு. நூற்று முப்பத்தேழு முடிச்சு.

நூலை முடிச்சு முடிச்சாகத் தடவிப் பார்த்தான். பிறகு எழுந்து துறைமுகத்துக்குப் போனான். வரும்போது ஒரு கப்பியும் ஒரு சாக்கு ஈயக்குண்டும் கொண்டுவந்தான்.

கடலில் பாரமான எதையும் கப்பி போட்டுத்தான் தூக்குவார்கள். அவனுக்கு அதுதான் தெரியும். வண்டியின் கூரைச் சட்டத்தில் கப்பியைக் கட்டினான். கயிற்றின் ஒரு முனையில் பெட்டி, மறுமுனையில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள். ஆறு கிலோவுக்குக் குண்டு கட்டினான். பெட்டி இப்போது ஒரு விரலில் எழுந்தது.

எதிர்க்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த ஜாஃபர் சாதிக் எட்டிப் பார்த்தார். "என்னக்கா, சுறா ஏதும் மாட்டுச்சா?"

கனகா சிரிக்கவில்லை. தோள் வலிக்காமல் அன்று நாற்பது கோட்டு தேய்த்தாள். வெள்ளைக் கோட்டின் சுருக்கம் வெயிலில் அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. சாயங்காலம் வார்டன் ஆறு கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தானே வந்து நின்றாள்.

"கனகாம்மா, இது தேய்ச்சதா, மடிச்சதா?"

காலரில் சுருக்கம் அப்படியே இருந்தது. கனகா வாங்கிக்கொண்டாள். கயிற்றை அவிழ்த்துவிட்டு ஆறையும் திரும்பத் தேய்த்துக் கொடுத்தாள். தோளில் யாரோ ஊசி வைத்துத் தைப்பது போல இருந்தது.

ராஜசேகர் மூன்று கிலோ குண்டைக் கழற்றினான். பாதிப் பாரம் இருந்தால் சரியாகிவிடும் என்றான். பாதிப் பாரத்தில் பாதிச் சுருக்கம் போனது, பாதி வலி இருந்தது. கனகா கப்பியைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். அமுக்குவது தன் கை இல்லை, பெட்டிதான் என்பதை இத்தனை வருடத்தில் அவள் யோசித்ததில்லை. பெட்டியின் பாரத்தை எடுத்துவிட்டால் பிறகு அது பெட்டியே இல்லை. ராஜசேகருக்குக் கோபம். இரண்டு நாள் வண்டிப் பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவனைச் சாப்பிடக் கூப்பிடக் கடற்கரைக்குப் போனாள். தடைக்காலத்திலும் சின்ன ஃபைபர் படகுகள் கரையோரம் போய்வரும். ஒன்றைக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜசேகரும் தோள் கொடுத்திருந்தான். படகுக்கு அடியில் உருண்டைக் கட்டைகள். பின்னால் விடுபட்ட கட்டையை ஒருவன் எடுத்து ஓடி முன்னால் போட்டான். ஐலசா போட்டுத் தள்ளினார்கள். படகு மணலில் ஏறியது.

கனகா அங்கேயே நின்றாள். பிறந்ததிலிருந்து பார்க்கும் காட்சி. அன்று ஒன்று மட்டும் புதிதாகத் தெரிந்தது. அத்தனை பெரிய படகை யாரும் தூக்கவில்லை.

அவனைக் கூப்பிடாமலே திரும்பி வண்டிக்கு வந்தாள். பெட்டியைச் சூடாக்கி ஒரு சட்டையை விரித்து, தன் கையை அடுத்தவர் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே தேய்த்தாள். பெட்டி துணிமேல் ஓடும்போது தோள் வலிக்கவில்லை. துணியைத் திருப்ப வேண்டும். அதற்குப் பெட்டியை எங்காவது வைக்க வேண்டும். வைக்கும் இடம் பலகையின் வலது ஓரத்தில் இருந்தது. செங்கல்லின் மேல் இரும்பு வளையம். ஒரு சாண் உயரம். அந்த ஒரு சாணுக்கு ஏற்றும்போது வலித்தது. அங்கிருந்து இறக்கும்போது வலித்தது.

நூற்று முப்பத்தேழு முடிச்சும் அந்தச் செங்கல்லுக்காகத்தான்.

துறைமுகத்து வெல்டிங் பட்டறைக்காரர் கலியபெருமாள். தடைக்காலம்தான் அவருக்கு அறுவடைக்காலம். பட்டறை முழுக்கப் படகுச் சாமான். கனகா சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போய் நின்றாள்.

"தங்கச்சி, ஜூன் பதினஞ்சுக்குள்ள பதினோரு படகு இறங்கணும். உன் பெட்டி கடலுக்கா போவுது?"

"போவலண்ணே. அதான் பத்தாந் தேதியே போதும்ங்கிறேன்."

அன்று அவர் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. மறுநாளைக்கு மறுநாள் அவள் யாரையும் கேட்காமல் பட்டறைத் தரையில் வண்டிப் பலகையை அளவு மாறாமல் வரைந்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். போகிறவர் வருகிறவரெல்லாம் அதைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் கலியபெருமாள் முகக்கவசத்தைத் தூக்கிவிட்டுக் குனிந்தார்.

பலகையின் வலது பக்கத்தை வெட்ட வேண்டும் என்றாள். அந்த இடத்தில், பலகையில் விரித்த கம்பளியின் மட்டத்துக்கே பெட்டி நிற்க வேண்டும். துணியிலிருந்து பக்கவாட்டில் தள்ளினால் அங்கே போக வேண்டும், இழுத்தால் திரும்பி வர வேண்டும்.

"அப்ப இத்தன வருஷமா எதுக்குத் தூக்கி வச்ச?"

"தூக்கி வைக்கிற மாதிரி குடுத்தாங்க. வச்சேன்."

அவர் படத்தை ஒரு முறை சுற்றி வந்தார். பிறகு டேப்பை எடுத்தார்.

முதலில் இரும்புத் தகடு பதித்தார். அது சரிப்படவில்லை. தகடு பெட்டியின் சூட்டை உறிஞ்சிக்கொண்டது. நாலு முறை வைத்து எடுப்பதற்குள் பெட்டி ஆறியது. அடியில் காற்று இல்லாமல் கரி அணைந்தது. உப்புக்காற்றில் ஒரே இரவில் தகடு துருப்பிடித்து, அந்தத் துரு காலையில் பெட்டியோடு ஒட்டிவந்து ஒரு கோட்டின் முதுகில் பழுப்புக் கோடு இழுத்தது. கனகா எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்து அதை மூன்று முறை அலசினாள். கோடு போனது. அதற்குப் பிறகு ஹாஸ்டல் துணியில் எதையும் சோதிப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

தகட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போனாள். கலியபெருமாளுக்கு அது அவமானமாக இருந்திருக்க வேண்டும். படகு வேலையை நிறுத்திவிட்டார். பழைய படகின் கைப்பிடிக் கம்பி கிடந்தது. துருப்பிடிக்காத எவர்சில்வர். அதை அறுத்து ஐந்து துண்டு போட்டார். விரல் இடைவெளியில், பெட்டி ஓடும் திசையில் ஐந்தையும் பதித்தார். அடியில் காற்று வந்தது. சாம்பல் விழுவதற்கு ஒரு தண்ணீர்த் தட்டு.

இந்த முறை கனகா தன் பழைய சேலையை விரித்தாள். பெட்டி வழுக்கிக்கொண்டு போனது. சேலையின் ஓரமும் கூடவே போய்க் கம்பிமேல் விழுந்து கருகியது.

தூக்கி வைப்பதில் ஒரு நன்மையும் இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. உயரத்தில் இருக்கும் சூடு துணியைத் தொடாது. சூட்டுக்கும் துணிக்கும் நடுவில் ஏதாவது வேண்டும். கட்டை வைத்துத் தடுத்தால் பெட்டியை அதற்கு மேல் தூக்க வேண்டும். இரண்டு நாள் அதையே யோசித்தாள். பிறகு கலியபெருமாளிடம் போய், தடுக்க வேண்டாம், வெட்டிவிடுங்கள் என்றாள். பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்குப் பள்ளம். துணியின் ஓரம் வந்தால் அதில் தொங்கும். பெட்டி நீளமானது, பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும்.

பெட்டியின் மூக்கு கம்பியில் முட்டியது. கலியபெருமாள் ஐந்து கம்பியின் முனையையும் சூடாக்கி, கவிழ்த்துப் போட்ட படகின் முன்பக்கம் போல வளைத்துக் கீழே இறக்கினார். கனகா தள்ளினாள். முட்டவில்லை. சேலை எரியவில்லை. ஜூன் எட்டாம் தேதி.

பதினொன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. பேராவூரணிப் பக்கத்திலிருந்து வரும் கொட்டாங்கச்சிக் கரி, ஒரு மூட்டை. எழுபது கோட்டு. கஞ்சி போட்டு விறைத்துப் போயிருந்தன. தண்ணீர் தெளித்து மடித்து வைத்தாள்.

தேய்த்தாள், தள்ளினாள், துணியைத் திருப்பினாள், இழுத்தாள். முதல் பத்துக் கோட்டுக்குக் கை குழம்பியது. பழைய இடத்துக்கு எழும்பப் பார்த்தது. செங்கல் அங்கே இல்லை. பதினோராவது கோட்டிலிருந்து கை வழியைப் பிடித்துக்கொண்டது. டீ கொடுக்க வந்த ஜாஃபர் சாதிக் நின்று பார்த்தார். கேலி பண்ண ஏதோ தேடினார். கிடைக்கவில்லை போல, காலி கிளாசை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து மணிக்கு ராஜசேகர் வந்தான். கப்பி விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. நைலான் நூலோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். எழும்போது நூலை அவள்முன் பலகையில் வைத்தான். நாலு முடிச்சு.

"மூணு தடவ சாம்பல் தட்டறதுக்குப் பெட்டியத் தூக்குன."

"இன்னொண்ணு?"

"ஜாஃபர் கூப்ட்டாருல்ல. திரும்பிப் பாக்கறப்ப தூக்கிட்ட."

அதுவும் தேவையில்லாதது என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மறுநாள் யார் கூப்பிட்டும் திரும்பவில்லை.

பன்னிரண்டாம் தேதி மாலை நாலு மணிக்குக் கடைசிக் கோட்டை மடித்து வைத்தாள். வார்டன் அடுக்கிலிருந்து நடுவில் ஒன்றை உருவிக் காலரை விரலால் தடவினாள். இன்னொன்றையும் உருவினாள். பிறகு இரண்டையும் மடிப்புக் கலையாமல் தானே திரும்ப வைத்தாள். வரும் மாதமும் இதே நாளில் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏற்றச் சொன்னாள்.

ஆட்டோ போன பிறகு கனகா கொண்டையை அவிழ்த்தாள். வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோனாள். வலித்தது. ஆனால் போனது. முடிந்துகொண்டாள்.

பதினைந்தாம் தேதி விடிகாலையில் படகுகள் கிளம்பின. ராஜசேகரை அனுப்பிவிட்டு அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. பட்டறைக்குப் போனாள். பதினோரு படகும் இறங்கிப்போன பட்டறை காலியாகக் கிடந்தது. கலியபெருமாள் கால் நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவள் கையில் சாக்பீஸைப் பார்த்ததும் கிளாசைக் கீழே வைத்தார்.

"இன்னும் என்ன தங்கச்சி?"

"இடது பக்கமும் ஒண்ணு போடணும்ணே. மாத்தி மாத்தித் தேய்க்கப் போறேன்."

"இடது தோள் நல்லாத்தானே இருக்கு?"

"ஆமா," என்று சொல்லிக்கொண்டே அவள் தரையில் குனிந்து கோடு இழுக்க ஆரம்பித்தாள். "நல்லா இருக்கறப்பவே போட்றணும்."